நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

ஸ்கேனரோடு வந்த ஆன்டெனா
என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளம். ரப்பர் உறை.
வார்டி கடையில் அதை உருட்டிப் பார்த்து
"இது காதில்லை மாவிஸ், காதில் அடைத்த பஞ்சு" என்றார்.

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார்.
இருந்தாலும் உண்மை.
மீன் ஆலை லாரிகள் கேட்கும்,
தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஊராட்சி ஆள் திட்டுவது கேட்கும்.
மலைமூக்கைத் தாண்டி இருபது மைலில்
நண்டுப்பொறி இறக்கும் ஹெட்லியின் குரல்
மட்டும் வராது.

மூன்றை எடுத்து வைத்தார்.
ஒன்று கறுப்பு, சாட்டைபோல் வளையும்.
ஒன்று குட்டை. எண்ணூறு மெகாஹெர்ட்ஸில் பேசும்
நகரத்துப் போலீஸுக்கு அதுதான் ராசா.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்தத் தென்கரையில்
நகரம் ஏது,
போலீஸ்காரரே மாதம் இருமுறைதான் வருகிறார்.
மூன்றாவது, இழுத்தால் நீளும் எஃகு. ஏழு கண்ணி.

நீளம் கூடினால் நல்லதா என்றேன்.
"அப்படியானால் கொடிக்கம்பத்தை வாங்கிப் போ."
பில்லின் முதுகில் கணக்குப் போட்டார்:
எழுபத்தைந்தை அலைவரிசை எண்ணால் வகு.
படகுகள் பேசுவது நூற்றைம்பத்தாறில்.
அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது விடை.
ஆலையில் நண்டுக்கால் அளந்து பெட்டியில் அடுக்குகிறவள் நான்.
மனிதர்களை விட எண்ணை நம்புவேன்.

தையல் டேப்பால் அளந்தேன்.
நாலு கண்ணி, ஐந்தாவதில் பாதி.
அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.
அடி வளையத்தில் அதே நீளத்துக்கு
ஒரு ஒயரைத் தொங்கவிடச் சொல்லியிருந்தார், வால் மாதிரி.
அலை நிற்க மண் வேண்டுமாம்.
கையில் பிடித்த பெட்டிக்கு ஏது மண்.
கேலியாகத்தான் கட்டினேன்.
சீறிக்கொண்டே பேசிய வானிலைக் குரல்
சட்டென்று தெளிந்து
பக்கத்து அறைப் பெண்ணாகிவிட்டது.

பிறகு உயரம். அதற்குக் காசில்லை.
சமையலறையில் ஒன்றுமில்லை, படிக்கட்டில் இரைச்சல்,
மாடிக் குளியலறையில்
தொட்டி விளிம்பில் ஏறி ஜன்னலோரம் நின்றால்
கடல்.

மூன்று நாள் அங்கேதான் தேநீர்.
ஒரு சரக்குக் கப்பல் பைலட்டுக்குக் காத்திருந்தது.
யாரோ ஒருவன் தன் நாயின் பல்வலியை
பன்னிரண்டு நிமிடம் விவரித்தான்.
வியாழன் இரவு, ஆறாம் சேனல்.
முதலில் இருமல். அதிலேயே தெரிந்துவிட்டது.

"பம்ப் செவ்வாயிலிருந்து செத்துக் கிடக்கு.
வாளியாலதான் இறைக்கிறோம்.
மாவிஸ்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க."

"சரி" என்றது ஒரு படகு. "சரி" என்றது இன்னொன்று.
ஊரே கூடி என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தது,
துளி இரைச்சல் இல்லாமல்.

அன்று மாலைதான் சாட்டிலைட் போனில்
எல்லாம் வெண்ணெயாய்ப் போகிறது என்றிருந்தான்.

வாலைக் கழற்றினேன். கண்ணிகளை மடக்கினேன்.
பெட்டி மறுபடி லாரிகளிடம் திரும்பியது.
கால்மணி நேரம் தாங்கியது அந்த நிம்மதி.
பிறகு சிவப்புக் கோடுவரை இழுத்து
விடியும்வரை தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
கேட்காத வாளிகளை எண்ணினேன்.

ஞாயிறு வந்தான். உப்பு, டீசல், ஒரு வாரத் தாடி.
எப்படி இருந்தது?
நல்லா இருந்தது.
சூப் ஊற்றினேன்.

அடுத்த பயணத்துக்குப் பனிக்கட்டி ஏற்றப் போனவன்
தளத்தில் ஒரு அட்டைப்பெட்டியைக் கண்டான்.
புது பம்ப். வார்டி கடை ரசீது.
துறையில் நின்ற நாலு படகையும்
எவன் வாயைத் திறந்தது என்று
ஒவ்வொன்றாய் முறைத்தான்.

அப்புறம் மெல்ல, மேலே,
எங்கள் குளியலறை ஜன்னலை.
அங்கே ஒரு கம்பி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.
வால் காற்றில் ஆடியது.